பட்டறை மேசையில் ஒரு பொட்டலம்

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் சிறிய பைக் பட்டறை ஒன்று நடத்திவருகிறேன். மாதம் ஒருவராவது மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்து, "அண்ணா, இதை மாட்டிக் கொடுங்கள், பவர் ஏறுமாம்" என்கிறார். பிரித்தால் கடையில் வாங்கிய ரேஸ் கேம்ஷாஃப்ட்.

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் வரவும் புகை போகவும் வழிவிடும் கதவுகள்தான் வால்வுகள்; தன்மேல் உள்ள மேடுகளால் அவற்றைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அந்த இடைவெளிக்குள் காற்று உள்ளே வந்தாக வேண்டும். ரேஸ் கேமின் மேடு உயரமாகவும் அகலமாகவும் இருப்பதால், வால்வு அதிகம் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். 8000 சுற்றில் அது வரம். 2500 சுற்றிலோ, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு மூடாததால், உள்ளே வந்த காற்று-பெட்ரோல் கலவை வந்த வழியே திரும்பிப் போகிறது. காந்திபுரம் சிக்னலில் நாம் ஓட்டுவது எத்தனை சுற்றில்? அங்கே வண்டி திணறும், ஐட்லிங் தடுமாறும். அந்தத் தடுமாற்றச் சத்தத்தையே பவர் என்று ரசிப்பவர்களும் இருக்கிறார்கள்!

கேமை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. வால்வு ஸ்பிரிங் கடினமாக வேண்டும், பெட்ரோல் அளவை மறுபடி அமைக்க வேண்டும். போன வருடம் ஒரு தம்பியின் வண்டியில் பிஸ்டன் தலைமேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, வால்வுகள் உள்ள மேல்பாகமான ஹெட்டை மாட்டி, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினேன். வால்வு பதிந்த இடத்தில் காகிதக் கனத்துக்குத்தான் களிமண் மிஞ்சியிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கும். "பரவாயில்லை, மாட்டுங்கள்" என்றான். மறுத்துவிட்டேன்.

ஒரே மேடு மெதுவான ஓட்டத்துக்கும் வேகத்துக்கும் ஒத்துவராத சிக்கல் கம்பெனிகளுக்கும் தெரியும். 2018இல் வந்த யமஹா ஆர்15 வண்டியில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு மேடு, 7400 சுற்றுக்கு மேல் இன்னொரு மேடு என இரண்டையும் ஒரே தண்டில் வைத்தார்கள்.

செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர், எஞ்சினை முழுதாகத் தயார்செய்யப் பணம் உள்ளவர், தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் முதலில் வால்வு கிளியரன்ஸையும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அந்தத் தம்பிக்குப் பின் சக்கரத்தில் இரண்டு பல் கூடுதலான ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம், மாட்டினேன். உச்ச வேகம் சற்றுக் குறைந்தது, பிக்கப் ஏறியது. கேம் பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு அவன் இன்னும் வரவில்லை.