சூப்பில் கரையாத நூடுல்ஸ்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தப் பக்கம் போனாலும் ஒரு சூப்பு வண்டியாவது கண்ணில் படும். ஆட்டுக்கால் சூப்பு, எலும்பு சூப்பு, சில இடங்களில் நண்டு சூப்பு. மிளகுத்தூளை மேலே தூவி, ஆவி பறக்கக் கையில் கொடுத்துவிடுவார்கள். நமக்குச் சூப்பு என்றால் குடிக்கிற பண்டம். சாப்பாடு அப்புறம், பரோட்டாவோ இட்லியோ தனியாக. சூப்புக்குள்ளேயே சாப்பாட்டையும் போட்டு, இராத்திரி வேளையை ஒரே கிண்ணத்தில் முடித்துக்கொள்கிற வழக்கம் இங்கே அவ்வளவாக இல்லை. சீனாவில் உண்டு, இத்தாலியில் உண்டு. கிழக்கு ஐரோப்பாவின் யூதக் குடும்பங்களில் கோழிச் சூப்பு என்றாலே அதில் முட்டை நூடுல்ஸ் மிதக்க வேண்டும். அந்த முட்டை நூடுல்ஸை நம் வீட்டுச் சப்பாத்திக் கட்டையை வைத்தே செய்வது பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூர் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் எக் நூடுல்ஸ் கேட்டால், வெந்த நூடுல்ஸைச் சட்டியில் போட்டு, அதன் மேல் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறித் தருவார்கள். ருசிதான், குறை சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. இதில் முட்டை மாவுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்குப் பதிலாக முட்டையை ஊற்றி மாவு பிசைகிறோம். அப்புறம், நூடுல்ஸ் மஞ்சளாக இருந்தால் அதில் முட்டை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மாவில் ஆல்கலி, அதாவது சோடா உப்பு மாதிரியான காரப் பொருள், கலந்தாலும் மஞ்சள் நிறம் வரும். சீன நூடுல்ஸ் பலவற்றில் அப்படித்தான் வருகிறது. வெறும் சாயமாகவும் இருக்கலாம்.

முட்டை எதற்கு? சத்துக்கு என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் சூப்புக்கு முட்டை போடுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. மைதாவைத் தண்ணீரில் பிசைந்து வெட்டிய நூடுல்ஸைச் சூடான சூப்பில் போட்டால், மாவிலிருக்கும் ஸ்டார்ச் கொஞ்சம் கொஞ்சமாகச் சூப்பில் இறங்கும். பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் ஊறிக் குழைந்துவிடும், சூப்பும் கஞ்சிப் பதத்துக்கு வந்துவிடும். முட்டையிலுள்ள புரதம் ஏறக்குறைய 60 டிகிரி சூட்டிலிருந்தே இறுகத் தொடங்குகிறது. நூடுல்ஸ் வேகும்போதே அது மாவைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டார்ச் அவ்வளவு எளிதில் வெளியே வராது. வீட்டில் எல்லோரும் கை கழுவிவிட்டு வந்து உட்காரும் வரை கிண்ணத்தில் நூடுல்ஸ் நிற்கிறது என்றால் அது முட்டையின் வேலை.

பேனா, காகிதம் தேட வேண்டாம். அளவு சின்னதுதான், மனசில் நிற்கும். 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. 200 மில்லி பிடிக்கிற டம்ளரில் தலை தட்டி அளந்தால் ஏறக்குறைய 100 கிராம் மைதா வரும். கூடவே ஒரு சிட்டிகை உப்பு. எண்ணெய் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். இந்தக் கணக்கு இத்தாலியில் போலோஞ்ஞா நகரத்து வீடுகளில் இன்றும் நடக்கிற கணக்கு. அந்த ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறார். அவர்களுடைய தல்யத்தெல்லே என்கிற முட்டை நாடா, வெந்து தட்டுக்கு வரும்போது 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் அங்குள்ள வணிக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். நம் பன் பரோட்டாவுக்கு இத்தனை உயரம் என்று யாராவது பதிவு செய்யப் போனால் முதல் நாளே சண்டை வந்துவிடும்.

அமெரிக்காவில், முட்டை நூடுல்ஸ் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், ஈரம் போக மிஞ்சும் எடையில் குறைந்தது 5.5 சதவீதம் முட்டையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அரசு விதி. நாம் சொன்ன அளவில் பிசைந்தால் அதைப்போல் இரண்டு பங்கு வந்துவிடும். வீட்டில் செய்வதன் லாபம் இதுதான்.

ஒரு முட்டை என்றேன். எந்த முட்டை? நாமக்கல்லிலிருந்து வருகிற வெள்ளை முட்டை ஓட்டோடு 55 கிராம் அளவில் இருக்கும். ஓட்டை நீக்கினால் 50 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சிறிது. அதனால் இரண்டு வெள்ளை முட்டைக்குப் பதிலாக மூன்று நாட்டு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு முட்டையில் வெள்ளையைவிட மஞ்சளின் பங்கு கூடுதல், நூடுல்ஸ் மெத்தென்று வரும். சோழவந்தான், மேலூர்ப் பக்கம் நெல் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருவார்கள் இல்லையா, அந்த நேரத்தில் வாத்து முட்டை கிடைத்தால் விடாதீர்கள். ஒரு வாத்து முட்டை 70 கிராம் வரை இருக்கும், அதனால் மாவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வாத்து முட்டையின் மஞ்சளுக்கு இருக்கிற நிறமும் கொழுப்பும் நூடுல்ஸுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். வாடை பிடிக்காது என்பவர்கள் விட்டுவிடலாம்.

வாடை என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டு மாடியில் நான் நடத்துகிற சமையல் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அக்கா, சூப்பு முழுக்க முட்டை வாடை அடிக்காதா?" அடிக்காது. முட்டையை நெடுநேரம் வேகவிட்டால்தான், வெள்ளைக்கருவிலிருக்கும் கந்தகம் வெளிப்பட்டு அந்த வாடை வரும். இந்த நூடுல்ஸ் கொதிநீரில் கிடப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். பழைய முட்டையாக இருந்தால் என்ன செய்தாலும் வாடை வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

சரி, பிசைவோம். மைதாவைப் பலகையில் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றி, விரலால் கலக்கிக்கொண்டே ஓரத்து மாவை உள்ளே இழுங்கள். முதல் இரண்டு நிமிடம் உதிரி உதிரியாக, ஒன்று சேரவே சேராது என்று தோன்றும். இந்த இடத்தில்தான் எல்லோர் கையும் தண்ணீர்ச் செம்பைத் தேடிப் போகும். போகக் கூடாது. சப்பாத்திக்கு 100 கிராம் மாவுக்கு 60 மில்லி தண்ணீராவது விடுவோம். ஒரு முட்டையில் இருக்கிற தண்ணீர் 37 கிராம்தான். அதனால் மாவு கெட்டியாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளி எட்டு, பத்து நிமிடம் பிசைந்தால் வழவழவென்று வந்துவிடும். அப்போதும் சேரவில்லை என்றால் கையை நனைத்துக்கொண்டு பிசையுங்கள், அந்த ஈரம் போதும்.

பிசைந்து முடித்ததும் தேய்க்க உட்காராதீர்கள். கட்டையை எடுத்ததும் மாவு சுருங்கிப் பழைய இடத்துக்கே வரும். இதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தப் பரோட்டா மாஸ்டரையும் கேட்டுப் பாருங்கள். மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி ஊறவைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி மறுபடியும் ஊறவைத்த பிறகுதான் வீசுவார். மைதாவில் இருக்கிற இரண்டு புரதங்கள் ஈரம் பட்டதும் சேர்ந்து குளூட்டன் என்கிற இழுவையாகின்றன. பிசையப் பிசைய அது விறைத்துக்கொள்ளும், சும்மா விட்டால் தளரும். தளர்ந்த பிறகுதான் கைக்கு மடங்கும். அவர் எண்ணெயில் ஊறவைக்கிறார், நாம் மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணி நேரமும் மாவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். பச்சை முட்டை சேர்ந்த பண்டம் 32 டிகிரிக்கு மேலான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பகல் சூடு அந்த 32-ஐத் தாண்டித்தான் இருக்கிறது. சித்திரையில் கேட்கவே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தால் ஏடு படியும், அதனால் பாத்திரத்தை இறுக மூடுங்கள். தேய்க்கப் போகும் முன் பத்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள்.

தேய்ப்பதில் பெரிய ரகசியம் இல்லை. பலகையில் அரிசி மாவைத் தூவித் தேயுங்கள். மைதாவைத் தூவினால் அதுவே ஒட்டிக்கொள்ளும், பிறகு தண்ணீரில் பசையாகும். சப்பாத்தியைவிட மெல்லிசு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வேகும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிக்கும் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் சரியாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், எப்படியும் வெட்டத்தான் போகிறோம். மேலே அரிசி மாவைத் தூவி, தளர்வாகச் சுருட்டி, கூரான கத்தியால் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, விரலால் உதறிப் பிரித்துவிடுங்கள். கிண்ணத்தில் கரண்டியால் சாப்பிடப் போகிறோம் என்பதால் ஒரு விரல் நீளம் போதும். நீளமாக விட்டால் சட்டையில்தான் சூப்பு.

இங்கே ஒரு கேள்வி வரும். வடகம் காயவைக்கிற மாதிரி மொட்டை மாடியில் காயவைத்து, டப்பாவில் போட்டு வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா? கூடாது. வடகம் என்பது வெந்த கூழ், இது பச்சை முட்டை. அதோடு மதுரை வெயிலில் வைத்தால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், நூடுல்ஸ் வெடித்துத் துண்டு துண்டாகும். தொழிற்சாலைகளில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி மெதுவாகக் காயவைப்பது இதற்காகத்தான். நமக்கு, தாம்பாளத்தில் துணி விரித்து, காற்றாடிக்குக் கீழே கால் மணி நேரம் உலர்ந்தால் போதும். மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது அப்படியே கொதிநீரில் போடலாம்.

இப்போது சூப்பு. நான் நாட்டுக்கோழியைத்தான் சொல்வேன். அது இல்லையென்றால் கறிக்கடையில் நெஞ்செலும்பு. அரைக் கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு கை சின்ன வெங்காயம், ஐந்தாறு பூண்டுப் பல், ஒரு துண்டு இஞ்சி, மஞ்சள்தூள் கொஞ்சம், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் சீரகமும் தலா ஒரு தேக்கரண்டி. குக்கரில் வைத்தால் முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, இருபது நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கிய பிறகு திறங்கள். கிழட்டுக் கோழியாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு சூப்போடு கலந்து கலங்கிப்போகும். இதில் தேங்காய்ப்பால், முந்திரி அரைத்த விழுது எதுவும் சேர்க்காதீர்கள். நூடுல்ஸே போதுமான கனம் கொடுக்கும். வடிகட்டி, கறியை எலும்பிலிருந்து பிய்த்துத் திரும்பப் போட்டு, உப்பைச் சரிபார்த்து, மல்லித்தழை தூவுங்கள்.

நூடுல்ஸைச் சூப்பிலேயே போட்டு வேகவைப்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். வெட்டும்போது தூவிய மாவெல்லாம் சூப்பில்தான் இறங்கும், இத்தனை நேரம் தெளிவாக வைத்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும். பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீர், 100 கிராமுக்கு ஒரு லிட்டர் கணக்கில். நன்றாகக் கொதிக்கும்போது போட்டு ஒரு கிளறு கிளறினால் மேலே மிதந்து வரும். இரண்டாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெந்ததும் வடித்து, கிண்ணத்தில் நூடுல்ஸை முதலில் வைத்து, அதன் மேல் கொதிக்கிற சூப்பை ஊற்றுங்கள். ஒரு முட்டைக்குப் பிசைந்தது, சூப்போடு மூன்று பேருக்குத் தாராளமாக வரும். மிஞ்சினால் நூடுல்ஸும் சூப்பும் தனித்தனிப் பாத்திரத்தில் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். ஒன்றாக வைத்தால், முட்டை போட்டிருந்தாலும் விடிவதற்குள் அது சூப்பு முழுவதையும் குடித்துவிடும்.

கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்பார்கள். பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்கக் கோதுமை மாவாக இருந்தால் அதிலுள்ள தவிடு குளூட்டன் இழையை அறுத்துவிடும், நூடுல்ஸ் ஒடியும். புரட்டாசி விரதக்காரர்களுக்கு இந்தப் பேச்சே ஆகாது, ஐப்பசி வரை பொறுத்திருக்கட்டும்.

கடைசியாக, தேய்க்கப் பொறுமையில்லாதவர்களுக்கு. ஜெர்மனியின் தெற்கே ஷ்பெட்ஸ்லே என்று ஒன்று செய்கிறார்கள். நம் வீட்டில் அதற்குப் பூந்திக் கரண்டியே போதும். 100 கிராம் மைதாவுக்கு அதே ஒரு முட்டை, ஆனால் இதில் மூன்று, நான்கு மேசைக்கரண்டி பாலோ தண்ணீரோ சேர்த்து, கரண்டியிலிருந்து கனமாக இழுபட்டு விழுகிற பதத்துக்கு அடித்துக் கலக்குங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். கொதிக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் பூந்திக் கரண்டியைப் பிடித்து, மாவை ஊற்றி இன்னொரு கரண்டியின் முதுகால் தேய்த்தால், சின்னச் சின்னக் குண்டு நூடுல்ஸாக விழும். ஆவி கையைச் சுடும், கரண்டியை ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். மிதந்து வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு அரித்தெடுத்துச் சூப்பில் போட வேண்டியதுதான். பூந்திக் கரண்டியை உடனே பச்சைத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். வெந்நீர் ஊற்றினால் முட்டை ஓட்டைகளிலேயே வெந்து அடைத்துக்கொள்ளும், பிறகு ஊசியை வைத்துத்தான் குத்தி எடுக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.