சம்பளமில்லாத குமாஸ்தாக்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக பெங்களூரு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி அல்சூர் வந்து சேர்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

‘கைபேசிச் செயலிகளால் நம் அன்றாட வேலை குறைந்ததா, கூடியதா?’ இதுதான் தலைப்பு. குறைந்தது என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். கரன்ட் பில்லுக்கு வரிசை இல்லை, ரயில் டிக்கெட்டுக்கு வரிசை இல்லை, எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே முடிகிறது என்றார். சரி. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து நம் பெயரையும் வயதையும் டைப் அடித்துக்கொண்டிருந்தாரே, அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? நாம்தான் ஐயா. செய்வதோடு விட்டார்களா? ரயில் டிக்கெட்டில் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று தனியாகக் காசும் வாங்குகிறார்கள். வேலையும் நம்முடையது, கூலியும் நாமே கொடுக்க வேண்டும்!

வரிசை ஒழிந்தது என்பதையும் நான் நம்பவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துப் பாருங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்கு. தவறினால் தட்கல்: ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து அதற்கு ஆதார் ஓடிபியும் வேண்டும். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரிசையில் நின்ற காலத்தில் முன்னால் எத்தனை தலை என்று எண்ணிப் பார்க்கலாம். பின்னால் நிற்பவரிடம் ‘கொஞ்சம் இடத்தைப் பார்த்துக்குங்க’ என்று சொல்லிவிட்டு டீ குடித்து வரலாம். இப்போது திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. நமக்கு முன்னால் பத்துப் பேரா, பத்தாயிரம் பேரா, அந்த வட்டத்துக்குத்தான் வெளிச்சம்.

என் வீட்டு வாஷிங் மெஷின் கதைக்கு வருகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இப்படித்தான். தண்ணீர் வெளியே போகவில்லை. புகாரைச் செயலியில்தான் பதிய வேண்டுமாம். மெஷினுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பல்லி நுழையும் இடம்தான். இழுத்து, படுத்து, டார்ச் அடித்து எடுத்து அனுப்பினேன். மெக்கானிக் வந்தார், திறந்து பார்த்தார், ‘பார்ட் வரணும்மா’ என்றார். அடுத்த வார்த்தை, ‘ஓடிபி சொல்லுங்க.’

எதற்குத் தம்பி ஓடிபி? வேலை முடிந்தது என்று மூடுவதற்காம். முடியவில்லையே! குறித்த நேரத்துக்குள் மூடாவிட்டால் அவருடைய ரேட்டிங் குறையுமாம், அதனால் முதலில் மூடிவிட்டு அப்புறம் பழுது பார்ப்பாராம். அந்தப் பையனையும் குறை சொல்ல முடியாது, வயிற்றுப் பிழைப்பு. ஓடிபி கொடுத்தேன். அழுக்குத் தண்ணீர் மெஷினிலேயே நிற்கிறது, கைபேசியில் ‘உங்கள் பிரச்சினை தீர்ந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று கேள்வி வந்து நிற்கிறது. மேற்பார்வையாளர் வேலையும் நமக்குத்தான்!

நம்மிடம் இலவசமாக வேலை வாங்குவது இன்றைக்கு வந்த பழக்கமா? ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்டு, கோணல்மாணலான எழுத்துகளை டைப் செய்யச் சொன்ன ரீகேப்சாவை நினைத்துப் பாருங்கள். பழைய புத்தகங்கள், நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்கள், இவற்றில் கணினியால் படிக்க முடியாத சொற்களைத்தான் நமக்குக் காட்டினார்கள். நாம் மனிதர் என்று நிரூபிக்கிற சாக்கில் அவர்களுக்கு எழுத்தர் வேலை பார்த்தோம். 2009-ல் கூகுள் அதை வாங்கியது. நமக்கு என்ன கிடைத்தது? உள்ளே போக அனுமதி.

யுபிஐ நல்லது, ஒப்புக்கொள்கிறேன். 2016-க்கு முன்னால் நம்ம ஊர் பிஎம்டிசி பஸ் கண்டக்டர் சில்லறை பாக்கியை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்ததும், இறங்கும்போது நாம் மறந்ததும் இங்கே யாருக்குத்தான் தெரியாது? ஆனால் நாம் ஸ்கேன் செய்கிற வேகத்தை மட்டும் பார்க்கிறோம், அந்தப் பக்கம் நிற்கிற கடைக்காரரைப் பார்ப்பதில்லை. 2025 ஜூலையில் இதே பெங்களூருவில் என்ன நடந்தது? யுபிஐ வரவை வைத்து பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ். விற்ற காசும், ஊரிலிருந்து தம்பி அனுப்பிய கைமாற்றும் ஒரே கணக்கில் கிடக்கின்றன. பிரித்துக் காட்டு என்றால் டீ ஆற்றுகிறவர் எங்கே போவார்? பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘கேஷ் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று பிறகு அரசு இறங்கி வந்தது. ஆனால் அந்தச் சில வாரங்கள் டீக்கடைக்காரர் பார்த்தது ஆடிட்டர் வேலை ஐயா!

கடைசியாக என் மாமனார். ஓய்வூதியர். முன்பெல்லாம் நவம்பர் வந்தால், உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பேங்குக்குப் போவார். ஆள் உயிரோடு எதிரில் நிற்கிறார், ஒரு கையெழுத்து, முடிந்தது. இப்போது அதே சான்று டிஜிட்டலில், பெயர் ஜீவன் பிரமாண். விரல் ரேகை தேய்ந்துவிட்டது, அதனால் முகத்தைக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு செயலி, அந்தச் செயலி ஓட ஆதாரின் இன்னொரு செயலி. முதலில் ஆபரேட்டர் ஒருவர் தன் ஆதார், கைபேசி எண், மின்னஞ்சல், ஓடிபி, முகம் எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டும். யார் ஆபரேட்டர்? மருமகள்தான்! அப்புறம் பெரியவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ‘மாமா, கண்ணைச் சிமிட்டுங்க.’ ‘சிமிட்டிட்டேம்மா.’ ‘இன்னொரு தரம் மாமா.’

பேங்குக்கு நேரில் போகிற வழியும் இருக்கிறதே என்று எதிரணி சொல்லும். இருக்கிறது. போனால் கவுன்டரில் என்ன சொல்கிறார்கள்? ‘வீட்ல யார்கிட்டயாவது போன் இருக்கும்ல சார், அதுலயே பண்ணிடுங்க.’

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். தம்பி, உங்கள் அப்பாவுக்கு நவம்பரில் ஆபரேட்டர் யார்? நீங்களா, உங்கள் வீட்டம்மாவா? அதை மட்டும் இந்த மேடையில் சொல்லிவிட்டு, வேலை குறைந்த கதையை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.