பெண்களின் இதய வால்வு: ஏன் தாமதமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

இதய சிகிச்சை என்றாலே 1967-இல் கேப் டவுனில் டாக்டர் பர்னார்ட் செய்த இதய மாற்றுதான் நம் நாட்டில் எல்லோர் நினைவுக்கும் வரும். நான் பேச வந்தது அதைவிட அதிகம் நடக்கும் வால்வு சிகிச்சை பற்றி. ரத்தம் ஒரே திசையில் ஓடும்படி இதயத்துக்குள் திறந்து மூடும் கதவுதான் வால்வு. நெஞ்சைத் திறந்து செய்யும் வால்வு அறுவையில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண் உடம்பு பலவீனமானது என்று இதற்குச் சமாதானம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நோய் முற்றிய பிறகே நம்மைக் கொண்டுபோகிறார்கள். அதுதான் பெரிய காரணம்.

தாமதம் வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. வருஷா வருஷம் காவடி எடுத்த ஆயா இந்தத் தைப்பூசத்தில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், "வயசாயிடுச்சு" என்கிறோம். தாத்தாவுக்கு அப்படி மூச்சு வாங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகிறோம்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போன பிறகாவது? அங்கேயும் அளவுகோல் நமக்குப் பொருந்துவதில்லை. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு கசிந்தால், இதயம் சுருங்கிய நிலையில் இடது கீழறையின் அகலம் 40 மில்லிமீட்டரைத் தொட்டதும் அறுவை செய்யலாம் என்பது வழக்கமான கணக்கு. ஆறடி ஆணுக்கும் ஐந்தடிக்குக் குறைவான நம் அம்மாவுக்கும் அதே 40. அம்மாவின் சின்ன இதயம் அந்த அளவுக்கு வீங்குவதற்குள் நிலைமை கைமீறிப் போயிருக்கும். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் பெருந்தமனி வால்வு சுருங்கும்போது பெண்களுக்குச் சுண்ணாம்பு குறைவாகவே படிகிறது. வால்வு நார்போல இறுகிவிடுகிறது. சிடி ஸ்கேனில் இந்தச் சுண்ணாம்பை, அதாவது கால்சியத்தை, ஓர் எண்ணாகச் சொல்வார்கள். ஆணுக்கு அது 2000 இருந்தால் கடுமையான அடைப்பாகக் கருதுவார்கள், பெண்ணுக்கு 1200-லேயே அப்படி. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டை எந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

2002-இல் பிரான்சில் அலைன் கிரிபியே தொடங்கிவைத்த முறையில், நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புதுப் பெருந்தமனி வால்வை வைக்கிறார்கள். பெண்களின் ரத்தக்குழாய் சிறியது என்பதால் இதிலும் ரத்தக்கசிவு நமக்குத்தான் அதிகம். அதைத் தாண்டிவிட்டால் பெண்கள் நன்றாகவே தேறுகிறார்கள். ஐரோப்பாவில் 443 பெண்களை மட்டும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஓராண்டுக்குள் மரணம், பக்கவாதம், திரும்பவும் ஆஸ்பத்திரி வாசம் இவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள், நெஞ்சைத் திறந்த பிரிவில் 15.6 சதவீதம், குழாய் வழிப் பிரிவில் 8.9 சதவீதம். செலவு அதிகம், நம் அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காகக் கேட்காமலே இருந்துவிடக் கூடாது.

இளம் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுக்கிறது. கேப் டவுன் பேராசிரியர் போங்கானி மயோசி வழிநடத்திய 14 நாட்டு ஆய்வில் இருந்த 3343 நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். மொத்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு வயது 28 அல்லது அதற்கும் கீழே. பிள்ளை பெறும் வயது! உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை 6 முதல் 12 வாரம் வரையிலான கருவைப் பாதிக்கும். பயந்து தாங்களாகவே நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிரே போகலாம். அதனால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே, மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல், இதய டாக்டரையும் பிரசவ டாக்டரையும் சேர்த்துப் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் மாத்திரையை நிறுத்தாமல் அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். மாற்று ஊசி வேண்டுமா, எந்த அளவில் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.