வராத போருக்குச் செய்த வண்டி

வணக்கம் நேயர்களே. தீயணைப்பு வண்டி என்றாலே நமக்குச் சிவப்புதான். நான் பேச வந்திருப்பது ஒரு பச்சை வண்டியைப் பற்றி. பிரிட்டனில் அதை 'கிரீன் காடஸ்', அதாவது பச்சைத் தேவதை என்பார்கள்.

1940 டிசம்பர் 29 இரவு லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டின. தெருவடிக் குழாய்கள் உடைந்தன. கடல் வற்று நேரம் என்பதால் தேம்ஸிலும் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஆள் இருந்தும் வண்டி இருந்தும் அடிக்கத் தண்ணீர் போதவில்லை. அடுத்து வருவது அணுகுண்டுப் போர் என்றால் என்ன கதி? அந்தப் பயத்தில்தான் 1953 முதல் 1956 வரை பெட்ஃபோர்டு லாரி அடிச்சட்டத்தின் மேல் இந்த வண்டிகளைக் கட்டினார்கள்.

இதன் பம்ப் நிமிடத்துக்கு 900 கேலன் தள்ளும். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வகை வண்டியில் தொட்டி 300 கேலன்தான். கணக்குப் போடுங்கள், முழு வேகத்தில் விட்டால் 20 விநாடியில் தொட்டி காலி! ஆற்றிலிருந்து எரியும் ஊர் வரை வரிசையாக நின்று, ஒன்று தள்ளுவதை அடுத்தது வாங்கித் தள்ள வேண்டும். அதுதான் இதன் உண்மையான வேலை. அதிகாரிகள் வைத்த பெயரே 'தானே ஓடும் பம்ப்'.

போர் வரவில்லை. இவற்றை வைத்திருந்த துணைத் தீயணைப்புப் படையை 1968இல் கலைத்தார்கள். வண்டிகள் கிடங்குக்குப் போயின.

அப்புறம் 1977 நவம்பரில் தீயணைப்பு வீரர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் 30 சதவீதம் கூட வேண்டும் என்பது கோரிக்கை. அரசு பச்சை வண்டிகளை வெளியே எடுத்து ராணுவத்தார் கையில் கொடுத்தது. மறியல் செய்தவர்களுக்கு இந்த வண்டியைக் கண்டாலே எரிச்சல், அது நியாயம்தான். ஓட்டிய சிப்பாய்கள் பாடும் லேசில்லை. பவர் ஸ்டீயரிங் கிடையாது, திருப்பத்தில் தோள் கழன்றுவிடும். மணிக்கு 45 மைலைத் தாண்டுவதே பெரும்பாடு.

2002இல் மறுபடி வேலைநிறுத்தம். 800க்கும் மேற்பட்ட வண்டிகள், அரை நூற்றாண்டு வயதோடு, மறுபடி தெருவுக்கு வந்தன. பத்திரிகைகள் கிழடு என்று கேலி செய்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நகரத்துத் தெருவில் விரைந்து போய் மாடித் தீயை அணைக்கவா இதைச் செய்தார்கள்? தண்ணீர் இழுக்கச் செய்த வண்டியைப் பந்தயத்தில் ஓடவிட்டுக் குறை சொன்னார்கள், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளில் அரசு இவற்றை விற்றுவிட்டது. பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போயின. மீதியில் சில சேகரிப்பாளர்கள் கையில். பழைய வாகனக் கண்காட்சியில் ஒன்றைப் பார்த்தால் மணியை அடித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த பம்பைக் காட்டச் சொல்லுங்கள், உரிமையாளர் சந்தோஷமாக அரைமணி நேரம் பேசுவார். நன்றி, வணக்கம்.