முதல் கதிர் யாருக்கு?

நண்பர்களே, அறுவடைத் திருநாள் என்றதும் நிறைந்த களஞ்சியம்தான் நம் கண்முன் நிற்கிறது. அயர்லாந்தின் லூனசா அப்படிப்பட்ட நாள் இல்லை. ஆகஸ்ட் 1இல் வரும் அந்தத் திருநாள், கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வமான லூவின் பெயரைக் கொண்டது. ஐரிஷ் மொழியில் ஆகஸ்ட் மாதத்துக்கே இன்றும் அதுதான் பெயர்.

அதற்கு முந்தைய ஜூலையைப் பாருங்கள். போன வருஷத்துத் தானியம் தீர்ந்துபோயிருக்கும். புதுசு இன்னும் வயலில் நிற்கும். பின்னாளில் உருளைக்கிழங்கே உணவான பிறகும் இதே பாடுதான். அந்த மாதத்துக்குப் 'பசி ஜூலை' என்று பெயர். 'முட்டைக்கோஸ் ஜூலை' என்றும் சொன்னார்கள். அப்படியும் லூனசாவுக்கு முன்னால் புதுக் கிழங்கைத் தோண்டினால், பண்ணையம் தெரியாதவன் என்று ஊர் பேசும்.

இத்தனை பசிக்குப் பிறகு கைக்கு வருகிறது முதல் கதிர். அதை என்ன செய்தார்கள்? கிராமத்துப் பெரியவர்களின் நினைவுகளையும் பழங்கதைகளையும் சேர்த்துவைத்து ஆராய்ந்த மாயிரே மக்நீல் 1962இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பதில் சொல்கிறார். முதலில் அறுத்த கதிரை மேட்டுக்குக் கொண்டுபோய் மண்ணில் புதைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் எல்லோரும் சேர்ந்து புதுத் தானியச் சாப்பாடு, கூடவே மலையில் பறித்த கருநீலக் காட்டுப்பழம். வயிறு காய்ந்தவன் முதல் பிடியை மண்ணுக்குள் வைக்கிறான்! இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கிலாந்திலும் அதே நாளில் புதுக் கோதுமை ரொட்டியைத் தேவாலயத்தில் மந்திரித்து வாங்குவார்கள். அதை நாலு துண்டாக்கி, களஞ்சியத்தின் நாலு மூலையிலும் நொறுக்கிப் போடுவது தானியத்தைக் காக்கும் ஒரு பழைய சடங்கு. கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வழிபடும் இன்றைய பேகன் நெறியாளர்களும் அந்த நாளில் ரொட்டி சுட்டுப் படைக்கிறார்கள்.

சரி, லூ எதற்காக இந்த விழாவைத் தொடங்கினான்? தன் வெற்றிக்காக அல்ல. அவனுடைய செவிலித்தாய் டால்டியூவுக்காக. மக்கள் பயிர் செய்ய நிலம் வேண்டும் என்று அவள் கோடரி எடுத்துக் காட்டைத் திருத்தினாள். ஒரு வருஷம் முடிவதற்குள் மரம் நின்ற இடமெல்லாம் தீவனப்புல் பூத்த சமவெளி ஆனது. அவள் நெஞ்சு வெடித்து இறந்தாள். தன்னை நினைத்து விளையாட்டு நடத்துகிற வரைக்கும் இந்த நாட்டில் பாட்டுக்குக் குறைவிருக்காது என்று சாகும்போது சொன்னாளாம்.

ஆக, அது முதலில் ஒரு துக்க நாள். ஓட்டமும் குதிரைப் பந்தயமும் ஒரு பெண்ணின் சாவுக்காக நடந்தவை. நமக்குச் சோறு போடும் நிலத்தைத் திருத்தியவள் இந்த நிலத்திலேயே விழுந்தாள் என்று தெரிந்தவர்கள், முதல் கதிரை வேறு எங்கே வைப்பார்கள்?

1168இல்கூட ருவாய்ரி ஓ கானர் என்ற அரசர் அந்த விழாவைக் கூட்டியதாக ஆண்டுக்குறிப்பு இருக்கிறது. அயர்லாந்தின் மீத் பகுதியில் டால்டியூவின் பெயரைத் தாங்கிய டெல்டவுன் என்ற இடம் இன்றும் உண்டு. மேய்ச்சல் புல்லும், நடுவே வட்டமான பழைய மண்மேடும்.