ஹானிபலை வளர்த்தது ஆறே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள ஹானிபல் என்ற சிற்றூரை ஆளாக்கியது மிசிசிப்பி ஆறா, ரயிலா? ஆறுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மக்கள்தொகைக் கணக்கை நீட்டினார். 1850-ல் 2,020 பேர், 1860-ல் 6,505 பேர், இடையில் 1859-ல் ரயில் வந்தது. ஆகவே ரயில்தான் என்றார். கணக்கு சரி. ஆனால் ஏன் 1850-லிருந்து ஆரம்பித்தார்? 1819-ல் மனை பிரித்த ஊர் அது. 1830-ல் அங்கே இருந்தவர்கள் சுமார் 30 பேர். அந்த 30 பேர் இருபது வருஷத்தில் 2,020 ஆனபோது அங்கே ஒரு கஜம் தண்டவாளமாவது உண்டா? ரயில் ஊரை மூன்று மடங்காக்கியதாகவே இருக்கட்டும். ஆறு ஆக்கியது அறுபது மடங்குக்கு மேல்!

ஊர் அமைந்த இடத்தைப் பாருங்கள். வடக்கே குன்று, தெற்கே குன்று, நடுவில் ஓடை வந்து ஆற்றில் சேரும் இறக்கம். மாட்டுவண்டி துறைவரை இறங்கலாம், நீராவிப் படகு கரையோரம் வந்து நிற்கலாம். இதற்கு வடக்கே மரியன் சிட்டி என்று 1835-ல் ஓர் ஊரை வரைபடத்தில் போட்டு, கிழக்கு மாநிலத்தாரிடம் மனை விற்றார்கள். தாழ்ந்த சமவெளி; 1836 வசந்தத்தில் வெள்ளம் ஏறியது, ஊர் தேறவே இல்லை. எந்த ஊர் நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னதே ஆறுதான், நடுவர் அவர்களே.

ரயில் கம்பெனிக்கு 1846-ல் முதல் கூட்டம் நடந்தது எழுத்தாளர் மார்க் ட்வைனின் தந்தை அலுவலகத்தில் என்றார்கள். நடந்தது. எங்கிருந்து எங்கே பாதை போட்டார்கள்? மிசிசிப்பிக் கரை ஹானிபலிலிருந்து மிசூரி ஆற்றங்கரை செயின்ட் ஜோசப் வரை, 206 மைல். இரண்டு ஆற்றுத்துறைகளைக் கோத்த நூல் அது! மேற்கு முனைக்குத் தண்டவாளமும் எஞ்சினும் வந்ததே படகில்தான். ‘மார்க் ட்வைன்’ என்ற அந்த மகனுடைய புனைபெயர்கூட, படகோட்டிகள் கயிறு விட்டுப் பார்த்துக் கூவிய 12 அடி ஆழம்.

குளிர்காலத்தில் ஆறு உறையும், படகு நிற்கும். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பனியில்தான் விஸ்கான்சின், மினசோட்டா காடுகளில் பைன் மரம் வெட்டிச் சறுக்கி இழுத்தார்கள். பனி உருகியதும் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டார்கள். ஹானிபலில் கரையேற்றி, அறுத்து, அடுக்கி உலர்த்தினார்கள். ஈரத்தோடு ஏற்றினால் எடையும் கூடும், பலகையும் கோணும். அப்புறம்தான் ரயில் அதை மரமில்லாத மேற்குப் புல்வெளிக்குச் சுமந்தது. ஆறு சரக்கு கொடுத்தது, ரயில் கூலிக்குத் தூக்கியது.

1862-ல் ஓடும் ரயிலிலேயே தபால் பிரித்த பெருமை இந்தப் பாதைக்கு உண்டு. இருக்கட்டும். தபால் பை ஊரைத் தாண்டிப் போனது. ஊரில் வேலை கொடுத்தது மரப்பலகை.

கடைசியாக, ஹானிபலில் ஆற்றின் மேல் 1871-ல் கட்டிய ரயில் பாலம். 1866-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொன்னது? சுழலும் பாலம் என்றால் நடுத்தூணின் இரு பக்கமும் குறைந்தது 160 அடி படகுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றது. படகு வந்தது, பாலம் திரும்பியது, கரையில் ரயில் காத்து நின்றது. யாருக்கு யார் வழிவிட்டார்கள் என்பதை எதிரணி எழுந்து சொல்லட்டும்.