பத்தாவது ஆள்

வணக்கம் நேயர்களே. சமையலறையிலோ காரிலோ இருந்து இதைக் கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மதங்களைப் படித்தவன் அல்ல. கணக்காளர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடமேற்கு லண்டனில் 35 வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். நாலு வீடு தள்ளி யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாலு வீட்டுத் தூரத்துக்குள் தெரிந்துகொண்டதுதான்.

ஜெப ஆலயம் என்பது பைபிள் வாசிக்கும் நம்மவர்களுக்குப் பழக்கமான சொல். என் அயலவர்கள் அதை 'ஷூல்' என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கான சொல்லும் அதுவேதானாம். எனக்கு இது பிடித்துப்போனது. நாங்களும் பள்ளிக்கூடத்தையும் பள்ளி என்கிறோம், முஸ்லிம்கள் தொழும் இடத்தையும் பள்ளி என்கிறோம் அல்லவா?

சரி, கதைக்கு வருகிறேன். 1990களின் நடுப்பகுதி, ஒரு டிசம்பர் மாதம். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கையில் தமிழ்க் கடைப் பை, அதற்கு வெளியே இரண்டு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஷூல் வாசலில் ஒரு பெரியவர். கறுப்புத் தொப்பி, பொத்தான் பூட்டாத கோட்டு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் போல வீதியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறார். என்னைக் கண்டதும் நேரே வந்தார். "மன்னிக்க வேண்டும், நீங்கள் யூதரா?"

இந்த நிறத்தோடும் முருங்கைக்காயோடும் வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? கொச்சியிலிருந்தும் பக்தாதிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்த யூதர்கள் என் நிறத்தில் இருப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு "இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "நாங்கள் ஒன்பது பேர்," என்றார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். 'மின்யான்' என்று பெயர். பழைய முறைப்படி நடக்கும் ஷூல்களில் 13 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர். சீர்திருத்த ஷூல்களில் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள். ("பிறகென்ன, அங்கே ஆள் தேடி வீதிக்கு வரத் தேவையில்லை," என்பார் என் மனைவி.) ஒன்பது பேர் மகா பண்டிதர்களாக இருந்தாலும் போதாது. தாயையோ தகப்பனையோ இழந்தவர் 11 மாதம் தினமும் 'கதீஷ்' என்றொரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ். அதைத் தனியே சொல்ல முடியாது, பத்துப் பேர் நின்றால்தான் சொல்லலாம். அன்றைக்கு உள்ளே தகப்பனை இழந்த ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். பத்துச் சொல் உள்ள ஒரு சங்கீத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அல்லது 'ஒன்றல்ல, இரண்டல்ல' என்பார்கள். ஊரில் நெல் அளக்கிறவர் ஒன்று என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்குவார், ஞாபகம் இருக்கிறதா? இதைச் சொன்னபோது அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பு... அதை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசலாம், ஆனால் எனக்குத் தந்திருப்பது பதின்மூன்று நிமிஷம்.

பையைக் கீழே வைத்துவிட்டு நானும் அவரோடு நின்றேன். எனக்கென்ன அவசரம்? கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் பள்ளிச் சீருடையோடு, புத்தகப்பை முதுகில் குதிக்க, ஓடி வந்தான். போன மாதம்தான் 13 வயதாகியிருந்ததாம். பெரியவர் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளாத குறை. கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளிச்சம் நடைபாதை வரைக்கும் வந்து விழுந்தது.

அந்தத் திறந்த கதவைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது ஆள் எங்கிருந்து வருவான் என்று யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத பிரயாணியாக இருக்கலாம். ஆகவே வாசலில் நிற்கிற அந்நியன் அவர்களுக்குத் தேவையானவன்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 'ட்ரீ ஆஃப் லைஃப்' ஜெப ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். 11 பேர் இறந்தார்கள். மூத்தவருக்கு வயது 97. வருகிறவர்களை வாரம் தவறாமல் வாசலில் வரவேற்கிற சகோதரர்கள் இருவரும் அதில் அடக்கம். யூத அமைப்பொன்று அகதிகளுக்கு உதவுகிறது என்பது கொலைகாரனின் ஆத்திரங்களில் ஒன்று. அகதியாக வந்த எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அடுத்த வருஷம், 2019 அக்டோபர் 9, ஜெர்மனியின் ஹாலே நகரம். யோம் கிப்பூர், அவர்கள் நாள் முழுக்க உபவாசம் இருந்து மன்னிப்புக் கேட்கிற நாள். உள்ளே ஐம்பது பேருக்கு மேல். வாசலில் பொலிஸ் காவல் இல்லை. ஒருவன் கதவைச் சுட்டான், வெடி வைத்தான். மரக்கதவு, தச்சன் செய்தது, அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். ஆத்திரத்தில் அவன் வெளியே இரண்டு பேரைக் கொன்றான். ஒருவர் வழியோடு போன பெண், மற்றவர் கபாப் கடையில் இருந்த இளைஞர். இருவரும் யூதர்கள் அல்ல. உள்ளே இருந்தவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். விட்ட இடத்திலிருந்து அங்கே பிரார்த்தனையைத் தொடர்ந்து உபவாசத்தை முடித்தார்கள்.

இதற்குப் பிறகு எங்கள் வீதியும் மாறியது. வேலி உயர்ந்தது, கேமரா வந்தது. பெரியவரின் பேரனுக்கு 13 வயது விழா, எங்களையும் அழைத்திருந்தார்கள். வாயிலில் வாக்கிடாக்கியோடு ஒருவர் மறித்தார். பெயர் என்ன, யார் அழைத்தது, பையைத் திறக்க முடியுமா. இத்தனை வருஷம் நாலு வீடு தள்ளி இருக்கிறேன்! கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்குச் சோதனைச்சாவடி புதிதா? ஆனால் அங்கே துவக்கு அவர்கள் கையில், பயம் எங்களிடம். இங்கே பயந்தவர்களே சாவடி போட்டு நிற்கிறார்கள். அப்புறம் அந்த ஆள் என்னை உற்றுப் பார்த்து, "முருங்கைக்காய்?" என்றார். அந்தப் பையன்தான்! பெரியவர் அந்தக் கதையை ஷூல் முழுக்கச் சொல்லியிருந்தார் போலும்.

'கம்யூனிட்டி செக்யூரிட்டி டிரஸ்ட்' என்று 1994இலிருந்து இங்கே ஒரு அமைப்பு இருக்கிறது. ஷூல்களின் காவலுக்குத் தொண்டர்களைப் பயிற்றுவிப்பது அவர்கள்தான். இவர் அதில் சேர்ந்திருந்தார். முறை வரும் நாட்களில் உள்ளே பிரார்த்தனை நடக்கும்போது இவர் வெளியே. "குளிர்காலத்தில் சில நாள் உள்ளே ஒன்பது பேர்," என்றார். "பத்தாவது ஆள் நான், இங்கே நிற்கிறேன்."

யூத வெறுப்பு என்றவுடன் எல்லோரும் ஹிட்லரில் தொடங்குவார்கள். எனக்கு அந்த வாயிற்படிதான் ஞாபகம் வரும். அந்த அமைப்பு 2022இல் பதிவுசெய்த யூத எதிர்ப்புச் சம்பவங்கள் 1,700ஐ எட்டவில்லை. 2023இல் 4,000ஐத் தாண்டின, பெரும்பகுதி ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய அக்டோபர் 7க்குப் பிறகு. காசாவைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது, ஊர்வலத்துக்கும் போயிருக்கிறேன். அதற்காக, ஹென்டனில் பால் வாங்கப் போகிற ஒரு கிழவியிடம் கணக்குக் கேட்பதா? எங்கோ குண்டு வெடித்தால் மறுநாள் அலுவலகத்தில் தமிழன் பதில் சொல்ல வேண்டியிருந்த காலம் நமக்கு மறந்துவிட்டதா? யூதர் என்று காட்டும் சின்னத் தொப்பிக்கு மேல் பேஸ்பால் தொப்பி போடுகிறவர்களை, கதவு நிலையில் பதிக்கிற, வேத வசனம் வைத்த 'மெசூசா'வைக் கழற்றலாமா என்று யோசிக்கிறவர்களை எனக்கே தெரியும்.

2025 அக்டோபர் 2, மறுபடியும் யோம் கிப்பூர். மான்செஸ்டரில் ஹீட்டன் பார்க் ஷூல். உள்ளே இருந்தவர்கள் கதவை உடம்பால் தாங்கிப் பிடித்துத் தாக்கியவனைத் தடுத்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். மறுபடியும் கதவு.

பெரியவர் போன வருஷம் காலமானார். அடக்கம் முடிந்ததிலிருந்து ஏழு நாள் 'ஷிவா'. வீட்டுக்காரர்கள் தாழ்ந்த நாற்காலியில் இருப்பார்கள், கண்ணாடிகளை மூடிவிடுவார்கள், வாசல் கதவைப் பூட்ட மாட்டார்கள். மணி அடிக்காமல் உள்ளே போகலாம். நம்முடைய செத்த வீடு மாதிரியேதான், அழைப்புக் கிடையாது. நான் போன மாலை கதவு திறந்துதான் இருந்தது. படியில் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். உள்ளே கதீஷ் கேட்டது. ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். இங்கத்தைய வழக்கப்படி மகனிடம் "நீண்ட ஆயுள் வேண்டுகிறேன்" என்றேன்.

தயாரிப்பாளர் தங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைச் சுழற்றுகிறார். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயத்தைப் பற்றி, அங்கே மின்யானுக்கு ஆள் இல்லாமல் போனதைப் பற்றி எழுதி வைத்த மூன்று பக்கம் அப்படியே இருக்கிறது. அங்கே ஆட்கள் குறைந்தது அக்கம்பக்கத்தார் விரட்டியதால் அல்ல, பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறியதால். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருப்பவர்கள் பெவிஸ் மார்க்ஸ் ஜெப ஆலயத்தைப் போய்ப் பாருங்கள். 1701ஆம் ஆண்டுக் கட்டடம், மெழுகுவர்த்திச் சரவிளக்கு இன்றும் உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். பெரிய பை கொண்டுபோகாதீர்கள், வாசலில் திறந்து காட்டச் சொன்னால் கோபிக்காதீர்கள். நன்றி, வணக்கம்.